பழைய டிராக்டரின் லிஃப்ட் தானாக இறங்கினால் பம்ப்பை மாற்றத்தான் வேண்டுமா?

இன்ஜினை நிறுத்தியதும், லிஃப்ட் (எண்ணெய் அழுத்தத்தால் கருவியைத் தூக்கும் பின்பக்க அமைப்பு) தூக்கிய கலப்பை மெல்லத் தரைக்கு வந்துவிடுகிறது, பட்டறையில் அந்த அழுத்தத்தைத் தரும் பம்ப் போய்விட்டது என்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பம்ப் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் தூக்கவே திணறும். நன்றாகத் தூக்கிவிட்டு, அப்புறம் இறங்குகிறது என்றால் அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் எங்கோ கசிகிறது. பம்ப்பின் உள்வால்வு வழியாகவும் கசியலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம்.

எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது அப்பா ஓட்டிய ஃபெர்குசன் 35. உங்களுடையதும் அந்த வகை என்றே வைத்துக்கொள்கிறேன். 1946-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாராகத் தொடங்கிய ஃபெர்குசன் டிஇ20, அதன் பின் 1956-ல் வந்த 35 இரண்டிலும் ஹைட்ராலிக்குக்கு, அதாவது லிஃப்ட்டின் எண்ணெய்க்கு, தனி டேங்க் கிடையாது. கியர்பாக்ஸ், பின் ஆக்சில், லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். 35-ல் அது ஏறக்குறைய 30 லிட்டர் பிடிக்கும். நான்கு பிஸ்டன் பம்ப் அந்த எண்ணெய்க்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அதனால் கியர் கம்பியின் அடியை மூடும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து மழைத்தண்ணீர் உள்ளே போனால் அது நேராக லிஃப்ட்டைத்தான் கெடுக்கும்.

எங்களுக்கும் இதே தீர்ப்புதான் சொன்னார்கள். பம்ப் முடிந்தது, வண்டியும் முடிந்தது, எடைக்குப் போடுங்கள் என்றார் ஒரு மெக்கானிக். அப்பா இருபது வயதில் ஓட்டத் தொடங்கிய வண்டியை அவர் முன்னாலேயே அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வண்டியை இரவு முழுக்க அசையாமல் நிறுத்திவிட்டுக் காலையில் அடியிலிருந்த டிரெயின் பிளக்கைக் கொஞ்சமாகத் தளர்த்தினேன். முதலில் வந்தது எண்ணெயே இல்லை, தெளிந்த தண்ணீர். அப்புறம்தான் பால் கலந்தது போல வெளுத்த எண்ணெய் வந்தது. உடனே பிளக்கை முடுக்கி, வண்டியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடேற்றி, சூட்டோடு மொத்தத்தையும் இறக்கினேன். ஆறிய எண்ணெயை இறக்கினால் கசடு அடியிலேயே தங்கிவிடும். பூட்டை மாற்றி, கையேட்டில் சொன்ன எண்ணெயை ஊற்றியதும் லிஃப்ட் வெட்டி வெட்டித் தூக்குவது நின்றது. இறங்குவது மட்டும் நிற்கவில்லை.

எண்ணெயைச் சற்றுக் குறைத்து, கல்டிவேட்டரைத் தூக்கிய நிலையில் இன்ஜினை நிறுத்தி, பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே லிஃப்ட் சிலிண்டரிலிருந்து எண்ணெய் விடாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. பம்ப் பக்கம் ஒழுக்கே இல்லை. சிலிண்டரின் பிஸ்டன் ரிங்குகளும் ஓ-ரிங்குகளும் (ரப்பர் வளைய சீல்கள்) மாற்றியதோடு வேலை முடிந்தது.

நீங்களும் சிலிண்டரைப் பார்க்க மேல்மூடியைத் திறப்பதானால் இரண்டு விஷயம். பம்ப்பிலிருந்து மேலே போகும் குழாயை முதலில் உருவி எடுத்துவிட்டுத்தான் மூடியைத் தூக்க வேண்டும். திரும்ப இறக்கும்போது பக்கவாட்டுத் திறப்பில் கையை விட்டு, வால்வு லீவர் உருளைகளுக்குச் சரியான பக்கம் அமர்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அது தவறினால் எல்லாம் புதிதாக இருந்தும் லிஃப்ட் சொன்னபடி கேட்காது. மூடி நல்ல கனம், செயின் பிளாக் இல்லாமல் தொடாதீர்கள்.

நான் மெக்கானிக் இல்லை. தொழில் தெரிந்தவர்கள் யாராவது 'பத்து நிமிடத்தில் இறங்கினால் என்ன, உழும்போது தூக்கினால் போதாதா' என்று கேட்கலாம். நியாயம்தான், பழைய வண்டி விடிய விடியத் தாங்கி நிற்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் இறங்கும் வேகம் நாளுக்கு நாள் கூடினால் அதைப் பார்க்காமல் விடுவது சரியில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற நிலையில் இருக்கும் இந்த வண்டிகளை வாங்கி, பளபளவென்று பெயிண்ட் அடித்து, விடுதி வாசலில் படம் எடுப்பதற்காக நிறுத்துகிறார்கள். பார்த்தால் வயிறு எரிகிறது. நிழலில் நிற்கிறது என்பார்கள். ஆனால் எண்ணெயைப் பார்ப்பார் இல்லை, சீல் எல்லாம் காய்ந்து வெடித்துப்போகும். எங்களிடமும் கேட்டு வந்தார்கள். அப்பா கதவைக்கூடத் திறக்கவில்லை.

கடைசியாக, மேலே சொன்ன டார்ச் சோதனையின்போது தூக்கிய கருவிக்குக் கீழேயோ பின்னாலேயோ யாரையும் நிற்க விடாதீர்கள். மற்ற எல்லா வேலைக்கும் கருவியைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். டிரெய்லருக்காக ஹைட்ராலிக் ஹோஸை வெளியே இழுத்திருந்தால் கசிவை விரலால் தேடவே கூடாது, அட்டையை நீட்டிப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் புள்ளி அளவே தெரிந்தாலும் அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.