'லௌசி' என்றால் என்ன? சாதாரண தரப் பரீட்சையில் எழுதலாமா?

ஆங்கிலத்தில் 'லௌஸ்' என்றால் பேன். அதிலிருந்து வந்த 'லௌசி'க்கு முதலில் 'பேன் பிடித்த' என்றே பொருள். இப்போது 'உதவாத, படுமட்டமான'. உச்சரிப்பில் ஒரு நுணுக்கம்: நடுவிலுள்ள 'ச' ஒலி 'ஈஸி' என்பதில் வருவதுபோல அதிர வேண்டும்.

மாங்குளத்தில் ஏ9 வீதியோரக் கடையில் சாயமில்லாத, ஆறிப்போன பிளேன்ரீ தந்தால் அது 'லௌசி ரீ'. 'லௌசி டிரைவர்' என்றால் ஓட்டத் தெரியாதவர்; ஆள் கூடாதவர் என்றல்ல. 'எ லௌசி டென் ருப்பீஸ்' என்பது 'வெறும் பத்து ரூபாய்' என்ற நக்கல்.

அதிகம் பிழைவிடும் இடம் 'ஐ ஃபீல் லௌசி'. 'நான் மட்டமானவன்' என்று எழுதிவிடுகிறார்கள். 'எனக்கு ஏலாமல் கிடக்கு' என்று நாங்கள் சொல்வதுதான் அது. உடம்புக்கும் பொருந்தும், மனதுக்கும் பொருந்தும்.

'லௌசி வித் டூரிஸ்ட்ஸ்' என்றால் சுற்றுலாக்காரர் மொய்த்துக் கிடக்கிறார்கள். தரத்தைப் பற்றிய பேச்சே இல்லை. பழைய பேன் இங்கே இன்னும் ஊருகிறது!

பரீட்சைக் கடிதத்திலும் வேலை விண்ணப்பத்திலும் வேண்டாம், இது பேச்சுச் சொல். அங்கே 'புவர்' போதும். பூச்சு உதிரும் சுவர் போன்ற அரைகுறை வேலைக்கு 'ஷொடி' இன்னும் பொருத்தம்.