கரி இன்ஜினும் அதோட குப் குப்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சின்ன வயசுலேர்ந்தே கரி இன்ஜின்னா எனக்கு உயிர் சார், ரிட்டையர் ஆகியும் அது விடல. ஆனா அந்த குப் குப் சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு இன்னும் சரியா பிடிபடல. கொஞ்சம் சொல்லுங்களேன்?

பதில்: நெருப்புலேர்ந்து வருதுன்னு நிறைய பேர் நெனைக்கறாங்க, அது இல்ல சார், வேலை முடிச்சுட்டு வெளிய போற நீராவியோட சத்தம் அது. சிலிண்டர்ல பிஸ்டனை தள்ளி முடிச்ச ஆவி, புகைபோக்கிக்கு நேர் கீழ இருக்கற பிளாஸ்ட் பைப் வழியா மேல பீச்சி அடிக்கும், ஒவ்வொரு பீச்சலும் ஒரு குப். பிஸ்டனோட ரெண்டு பக்கமும் மாறி மாறி ஆவி ஏறும், அதனால ரெண்டு சிலிண்டர் இன்ஜின்ல சக்கரம் ஒரு சுத்து சுத்தினா நாலு குப், மூணு சிலிண்டர்னா பொதுவா ஆறு.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா, அந்த ஆவி சும்மா வெளிய போறதில்ல, போற வேகத்துல முன்னாடி இருக்கற புகைப்பெட்டில காத்தோட அழுத்தத்தை குறைச்சுடும், உடனே நெருப்போட அனல் பாய்லர் குழாய்ங்க வழியா முன்னாடி இழுபடும், கரிக்கு புது காத்து கிடைச்சு இன்னும் நல்லா எரியும். அதாவது மேட்டுல இன்ஜின் எவ்ளோ கஷ்டப்பட்டு இழுக்குதோ, அவ்ளோ வேகமா நெருப்பு எரிஞ்சு அவ்ளோ ஆவி கூடுதலா கிடைக்கும், யாரும் தனியா விசிறி வச்சு ஊத வேண்டாம். 1829-ல இங்கிலாந்துல ரெயின்ஹில்ங்கற இடத்துல நடந்த ரயில் இன்ஜின் போட்டில ஜெயிச்ச ராக்கெட் இன்ஜின்ல இந்த ஏற்பாடும் இருந்துச்சு, பாய்லருக்குள்ள 25 செப்பு குழாயும் இருந்துச்சு, அப்புறம் வந்த கரி இன்ஜின் எல்லாமே கிட்டத்தட்ட அந்த வழிதான்.

இனிமே வண்டி கிளம்பும்போது கண்ணை மூடிட்டு கேளுங்க. மொதல்ல ஒவ்வொரு குப்பும் வெடி மாதிரி கனமா வரும், ஏன்னா பிஸ்டன் முக்கால்வாசி தூரம் போற வரைக்கும் ஆவியை விட்டுட்டே இருப்பாங்க. வேகம் பிடிச்சதும் டிரைவர் ரிவர்ஸரை, அதாவது முன்னாடி பின்னாடி போறதையும் ஆவி எவ்ளோ தூரம் வரைக்கும் ஏறணும்னும் மாத்தற பிடியை, கொஞ்சம் கொஞ்சமா நடுவுக்கு கொண்டு வருவார், கால்வாசி தூரத்துலயே ஆவியை நிறுத்திட்டு மிச்ச வேலையை அது விரிஞ்சே செய்யட்டும்னு விட்டுடுவார், சத்தமும் மெலிஞ்சு சீரா ஆயிடும். நாலுல ஒரு குப் மட்டும் ஏறுக்குமாறா கேட்டுச்சுன்னா, பெரும்பாலும் சிலிண்டருக்கு ஆவியை விட்டு வெளியேத்தற வால்வோட செட்டிங் எங்கயோ சரியில்லைன்னு அர்த்தம்.

கேள்வி: ரெண்டு பக்கத்து பிஸ்டனும் ஒரே நேரத்துல முன்னாடி போய் பின்னாடி வருமா?

பதில்: வராதுங்க. ரெண்டு சிலிண்டர் வண்டில ஒரு பக்கத்து கிராங்க், அதாவது பிஸ்டனோட தள்ளலை சக்கரத்தோட சுத்தலா மாத்தற பாகம், இன்னொரு பக்கத்தை விட 90 டிகிரி தள்ளி இருக்கும். ரெண்டும் ஒண்ணா முனைல போய் நின்னுட்டா எவ்ளோ ஆவி விட்டாலும் சக்கரம் திரும்பாது. இப்படி வச்சதால ஒரு பக்கம் முனைல மாட்டிக்கிட்டாலும் இன்னொரு பக்கம் முழு பலத்தோட தள்ளும்.

கேள்வி: கரி இன்ஜின்லயே ரொம்ப வேகமா போனது எது?

பதில்: இங்கிலாந்தோட மல்லார்ட். 1938 ஜூலை 3, இறக்கத்துல, மணிக்கு 126 மைல், அதாவது 203 கிலோமீட்டர். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஒரு ஜெர்மன் இன்ஜின் 200-ஐ தாண்டிடுச்சு, அதையும் மறந்துடக்கூடாது.

கேள்வி: இவ்ளோ அருமையான மெஷினை ஏன் சார் நிறுத்தினாங்க?

பதில்: மனசுக்கு கஷ்டமா தான் இருக்கு, ஆனா கணக்கு அப்படி. எரிச்ச கரில இருக்கற சக்தில பெரும்பாலும் பத்துல ஒரு பங்கு கூட இழுக்கற வேலைக்கு வராது, டீசல்ல அதைவிட பல மடங்கு வரும். அதோட உழைப்பையும் பாருங்க, ஆறின பாய்லர்ல ஆவி ஏத்த பல மணி நேரம், அப்புறம் சாம்பல் அள்ளணும், குழாய் சுத்தம் பண்ணணும், அடிக்கடி பாய்லரை கழுவணும். ஓடும்போது பயர்மேன், அதாவது நெருப்புக்கு கரி போடறவர், ஒரு கண்ணு நெருப்பு மேல, இன்னொரு கண்ணு தண்ணி மட்டம் காட்டற கண்ணாடி குழாய் மேல வச்சுட்டே இருக்கணும், ஏன்னா நெருப்பறையோட கூரைக்கு மேல எப்பவும் தண்ணி மூடியிருக்கணும், இறங்கிடுச்சுன்னா தகடு பழுத்து பாய்லரே வெடிக்கலாம். ஆட்டம் காணற வண்டில நின்னுட்டு, கரியை ஒரே இடத்துல கொட்டாம மெல்லிசா பரப்பி போட்டுட்டே இதையும் கவனிச்ச பயர்மேனுங்க மேல எனக்கு தனி மரியாதை.

கேள்வி: இப்பவும் நேர்ல பாக்க முடியுமா?

பதில்: தாராளமா! வேல்ஸ்ல டாலிலின் ரயில்வேயை 1951-லேர்ந்து தன்னார்வலர்கள் ஓட்டிட்டு வராங்க, அப்படி காப்பாத்தின முதல் ரயில் அதுதான். அமெரிக்கால 1941-ல செஞ்ச பிக் பாய் 4014-ங்கற கரி இன்ஜினை 2019-ல திரும்ப ஓட வச்சுட்டாங்க. எங்க போனாலும் பெட்டில ஏறறதுக்கு முன்னாடி இன்ஜின் பக்கவாட்டுல கொஞ்ச நேரம் நில்லுங்க, கம்பிங்க எல்லாம் வெளியவே ஆடும், எது எதை தள்ளுதுன்னு அப்படியே தெரியும். டிரைவருக்கு நேரம் இருந்தா கேள்வியும் கேளுங்க, அவங்கள்ல முக்கால்வாசி பேர் ஆசையா சொல்லுவாங்க.