கத்திரி வெயிலில் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

கேள்வி: காங்கயத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறது எங்கள் வீடு. கட்டிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் மகளுக்குத் திருமணம் வைத்திருப்பதால், அதற்குள் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடித்தாக வேண்டும். வெயிலில் அடித்தால்தான் நன்றாகக் காயும், ஒரே நாளில் இரண்டு கோட்டும் முடித்துவிடலாம் என்கிறார் பெயிண்டர். கத்திரியில் அடித்தால் நிற்காது என்கிறார் என் அண்ணன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதே சித்திரையில் அடித்த மேற்குச் சுவரைத் தொட்டால் இப்போது கையில் மாவாக ஒட்டுகிறது. என்ன செய்வது? காம்பவுண்டுச் சுவரையும் சேர்த்தே அடித்துவிடலாமா?

பதில்: கத்திரி நாட்களிலும் வெளிச்சுவருக்குத் தாராளமாகப் பெயிண்ட் அடிக்கலாம், ஆனால் வெயில் விழுந்துகொண்டிருக்கும் சுவரில் எந்த மாதத்திலும் அடிக்கக் கூடாது. உங்கள் அண்ணன் பயப்படுவதில் காரணம் இருக்கிறது. உங்கள் பெயிண்டர் சொல்வதைத்தான் ஏற்க முடியாது, ஏனென்றால் பெயிண்டுக்கு உலர்வது வேறு, பிடிப்பது வேறு.

இப்போது வீடுகளுக்கு வெளியே அடிக்கப்படுவது பெரும்பாலும் தண்ணீரில் கரைக்கும் எமல்ஷன்தான். அதில் கண்ணுக்குத் தெரியாத பசை உருண்டைகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. அடித்த பிறகு தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேறும்போது அந்த உருண்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி, அமுங்கி, ஒட்டி, ஒரே தோலாக மாறுகின்றன. சுடும் சுவர் பின்னாலிருந்தும் வெயில் முன்னாலிருந்தும் தண்ணீரை ஒரே இழுப்பில் பறித்துவிட்டால், உருண்டைகள் சேர்வதற்கு நேரமில்லாமல் தனித்தனியாகவே நின்றுவிடும். பார்வைக்கு அன்றைக்கு எந்தக் குறையும் தெரியாது; நிறமும் நன்றாகவே இருக்கும். இரண்டு கோடையும் இரண்டு மழையும் கடந்த பிறகு அது மாவாகக் கையோடு வரும். உங்கள் மேற்குச் சுவருக்கு நேர்ந்தது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெயிண்டில் அளவுக்கு மீறித் தண்ணீர் கலந்திருந்தாலும், பெயிண்டுக்கு அடியில் முதலில் அடிக்க வேண்டிய பிரைமர் என்ற பூச்சு இல்லாமல் அடித்திருந்தாலும் இதே விளைவுதான் வரும் என்பதால், அன்றைக்கு மூன்றும் சேர்ந்தே நடந்திருக்கலாம்.

சென்னிமலைப் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்கச் சென்றபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். மேற்குச் சுவரில் வேலை நடந்துகொண்டிருந்தது. ரோலர் சுவரில் வழுக்கி ஓட வேண்டியது, சரசரவென்று உரசிக்கொண்டு ஓடியது. ஒரு பட்டை அடித்துவிட்டு அடுத்த பட்டைக்கு ஏணியை நகர்த்துவதற்குள் முதல் பட்டையின் ஓரம் காய்ந்துவிட்டதால், இரண்டும் சேர்கிற இடமெல்லாம் தழும்பு போலக் கோடு விழுந்திருந்தது. என் புறங்கையை அந்தச் சுவரில் வைத்தேன். ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். உங்களுக்கும் அந்தச் சோதனையே போதும், கருவி எதுவும் வேண்டாம். புறங்கையை ஐந்து நொடி வைத்திருக்க முடியாத சுவரில் அன்றைய வேலையை நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

அப்படியானால் எப்போது அடிப்பது என்றால், கடிகாரத்தை மட்டும் பார்க்காமல் சூரியன் இருக்கும் திசையையும் பார்த்து அடிக்க வேண்டும். நம் கொங்கு நாடு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை அது வடக்கே ஒதுங்கித்தான் போகும். ஆகவே மே மாதத்தில் உங்கள் தெற்குச் சுவரில் நாளின் எந்த நேரத்திலும் நேர் வெயில் விழாது. தை மாதத்தில் வெயில் வாங்குகிற சுவர் தெற்குச் சுவர் என்பதால், அதே நினைப்பில் கோடையிலும் அதற்குப் பயந்து மற்றச் சுவர்களில் போய் வேலையைத் தொடங்குகிறார்கள். தெற்குச் சுவரில் வேலையைக் கூடுதல் நேரம் நடத்தலாம். மேற்குச் சுவரைக் காலை ஆறரை மணிக்குத் தொடங்கிப் பதினோரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். கிழக்குச் சுவர் காலை வெயிலில் சூடேறியிருக்கும் என்பதால், அது ஆறிய பிறகு மூன்றரை மணிக்கு மேல் தொடங்கலாம். கோடை மழைக்கு மேகம் கூடியிருந்தால் அன்று தொடங்கவே கூடாது, அடித்த நான்கு ஐந்து மணி நேரத்துக்குள் மழை பிடித்துக்கொண்டால் பெயிண்ட் வழிந்து வாசலுக்கு வந்துவிடும். வடக்குச் சுவர் மே மாதத்தில் சாய்வெயில் வாங்கும். நிழல் பார்த்து அடியுங்கள். நிழலுக்கு வழியே இல்லாத இடத்தில், நாற்றுப்பண்ணைக்குக் கட்டுகிற பச்சை நிழல்வலையைச் சாரத்தின் வெளிப்புறத்தில் கட்டினால் போதுமானது.

ஒரு சுவரை ஒரு மூலையில் தொடங்கினால் அடுத்த மூலை வரை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று இரண்டு பேர் சேர்ந்து நகர்ந்தால் தழும்பு விழாது. முதல் கோட் அரை மணி நேரத்தில் உலர்ந்துவிட்டது என்று அன்றைக்கே இரண்டாவது கோட்டை ஏற்ற விடாதீர்கள். வாளியில் நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம் என்று இடைவெளி அச்சிட்டிருப்பார்கள். அதைவிட ஒரு சுவருக்கு ஒரு நாளில் ஒரு கோட் என்று வைத்துக்கொள்வதே கோடைக்குப் பாதுகாப்பு. வெயிலில் கொதித்த வாளியிலிருந்து எடுத்து அடிப்பதும் கெடுதல் என்பதால், வாளிகளை மொட்டைமாடியில் வைக்காமல் வீட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். பதினொன்று முதல் மூன்றரை வரை சாரத்தில் யாரும் நிற்க வேண்டாம். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் கூலி பேச வேண்டும். மோரும் நிழலும் கொடுத்து, மாலையில் வேலை வாங்கிக்கொள்வதில் உங்களுக்கு நட்டமில்லை.

உங்கள் பகுதியின் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காங்கயம், தாராபுரம் பக்கம் போர்வெல்லில் வருவது பெரும்பாலும் உப்புத்தண்ணீர். அதைக் கொண்டு பெயிண்டைக் கரைத்தால், அதைக் கொண்டு சுவரைக் கழுவினால், உப்பு சுவரில் தங்கிவிடும். மழை வந்து காய்ந்த பிறகு வெள்ளையாகப் பூத்து, பெயிண்டைத் தூக்கிவிடும். நீங்கள் குடிக்கிற நல்ல தண்ணீரையே குடத்தில் அளந்து கொடுங்கள். வாளியில் எவ்வளவு தண்ணீர் கலக்கச் சொல்லி அச்சிட்டிருக்கிறதோ அந்த அளவை ஒரு பாத்திரத்தில் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள்.

மாவாகும் மேற்குச் சுவரை முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, பிறகு வெளிச்சுவருக்கான பிரைமர் அடிக்க வேண்டும். பிரைமர் காய்ந்த மறுநாள் ஒரு கறுப்புத் துணியால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். துணி வெளுத்தால் இன்னும் மாவு போகவில்லை, இன்னொரு முறை தேய்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விலையுயர்ந்த எமல்ஷன் அடிப்பது திருநீற்றின் மேல் பெயிண்ட் அடிப்பதற்குச் சமம்.

இனி, வெயிலைவிட உங்கள் சுவரை அதிகம் கெடுப்பதைச் சொல்லிவிடுகிறேன். பட்டி, அதாவது சுவரை வழவழப்பாக்கப் பூசும் மாவு, வரும் மூட்டைகளுக்குள்ளும் பெயிண்ட் வாளிகளுக்குள்ளும் பெயிண்டர்களுக்கென்று டோக்கன் வைத்து விற்கும் வழக்கம் இந்தத் தொழிலில் ஊன்றிவிட்டது. மூட்டையைப் பிரித்ததும் உள்ளே கையை விட்டு டோக்கனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் பட்டியைக் கரைக்கவே தொடங்குகிறார்கள். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடையில் அதைக் கொடுத்தால் பணம் கிடைக்கும். அந்தப் பணம் உங்கள் விலையிலிருந்துதான் வருகிறது. இதன் விளைவாக, எந்தப் பொருள் உங்கள் சுவருக்கு ஏற்றது என்பதைவிட, எந்தப் பொருளில் டோக்கன் அதிகம் என்பது முடிவு செய்கிறது. வெளிச்சுவர் முழுவதும் பட்டி பார்க்க வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னால், அதற்குப் பின்னால் இதுவும் இருக்கலாம். வெளிச்சுவரில் விரிசலும் குழியும் உள்ள இடத்தில் மட்டும் அடைத்தால் போதும். சுவர் முழுக்கப் பட்டி ஏற்றினால், நாளைக்கு மழைநீர் உள்ளே போகிற இடத்தில் பட்டியோடு சேர்ந்து பெயிண்ட் பெயரும்.

பொருளையும் கூலியையும் சேர்த்துச் சதுர அடிக் கணக்கில் பேசுவது இரண்டாவது பொறி. அப்படிப் பேசினால் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் ஒப்பந்தக்காரருக்கு லாபம். கூலியை மட்டும் பேசுங்கள். பொருளை உங்கள் வீட்டு ஆள் கடைக்குப் போய் வாங்கட்டும். ஓரளவு வழவழப்பான சுவரில் வெளிப்புற எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 50 முதல் 60 சதுர அடி வரும். 2,000 சதுர அடிச் சுவருக்கு 20 லிட்டர் வாளி இரண்டு தேவை. ஒரே வாளியில் முடித்துவிட்டால் உங்கள் சுவரில் இருப்பது தண்ணீர். நான்கு வாளி கேட்டால் இரண்டு வாளி வேறு யார் வீட்டுக்கோ போகிறது. வாளிகளை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள், காலி வாளிகளை வேலை முடியும்வரை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பில் வேண்டாமென்றால் விலை குறையும் என்பார்கள். 18 சதவீதம் வரியை நினைத்து அதற்கு இசைந்துவிடாதீர்கள். பில் இல்லாவிட்டால் வாளியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஏழாண்டு, பத்தாண்டு வாரண்டிக்கு மதிப்பே இல்லை. பில் இருந்தாலும், நிறுவனம் சொன்ன பிரைமரை அடித்தீர்களா, சொன்ன அளவில் தண்ணீர் கலந்தீர்களா என்று கேட்டு, கடைசியில் பெயிண்டை மட்டும் மாற்றித் தருவதாகத்தான் பெரும்பாலான வாரண்டிகள் எழுதப்பட்டிருக்கின்றன. சாரத்துக்கும் கூலிக்கும் நீங்கள்தான் பொறுப்பு. மின்வேலை செய்பவரிடம் உரிமம் கேட்கிற அரசு, ஒரு குடும்பத்தின் சேமிப்பைச் சுவரில் பூசுகிறவரிடம் எதையும் கேட்பதில்லை. குறை வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வாய்தா வாய்தாவாக அலைந்தவர்களைக் கேட்டால் அந்த மூன்று மாதம் எங்கே போயிற்று என்று சொல்வார்கள். அதனால்தான் சண்டையை முன்கூட்டியே வாளிக்கு முன்னால் போட்டுவிடச் சொல்கிறேன்.

காம்பவுண்டுச் சுவருக்கு நான் மேலே சொன்ன எதையும் அப்படியே கொண்டுபோகாதீர்கள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் படித்தவர்களும் தவறுகிறார்கள். காம்பவுண்டுச் சுவருக்கு எமல்ஷன் வேண்டாம். அதன் அடிப்பகுதி மண்ணிலிருந்து ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், எமல்ஷன் தோல் கொப்பளித்துக்கொள்ளும். சிமென்ட் பெயிண்டோ சுண்ணாம்போ அடித்தால் ஈரம் வெளியே போக வழி இருக்கும். ஆனால் சிமென்ட் பெயிண்ட் என்பது பெயரில்தான் பெயிண்ட். வேலையில் அது சிமென்ட். சிமென்ட் உலர்ந்து கெட்டியாவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து கெட்டியாகிறது. ஆகவே எமல்ஷனுக்குச் சுவர் காய்ந்திருக்க வேண்டும் என்றால், சிமென்ட் பெயிண்டுக்குச் சுவர் நனைந்திருக்க வேண்டும். அடிப்பதற்கு முன் சுவரில் நீரைத் தெளித்து, நீர் வழிவது நின்று ஈரம் மட்டும் இருக்கும்போது அடிக்க வேண்டும். கரைத்ததை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மறுநாளிலிருந்து இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் மெல்லிய தூவலாக நீர் தெளிக்க வேண்டும். கத்திரியில் இதைச் செய்யாமல் விட்டால் அது சாம்பலாக உதிரும். இந்தத் தண்ணீர் தெளிப்பதை வீட்டுச் சுவரில் புதிதாக அடித்த எமல்ஷனுக்கும் சேர்த்துச் செய்துவிட்டு, நனைத்தும் நிற்கவில்லையே என்று வருந்திய வீடுகள் உண்டு. இரண்டு சுவரையும் ஒரே பெயிண்டர் ஒரே நாளில் அடித்தால், இரண்டில் ஒன்று நிச்சயம் தவறிப்போகும். காம்பவுண்டுச் சுவரைத் தனி நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

கத்திரி ஏறத்தாழ மே 4ஆம் தேதி தொடங்கி 28ஆம் தேதி முடிகிறது. சித்திரைக் கடைசியில் சுவர் தேய்த்துக் கழுவும் வேலையைத் தொடங்கினால், மே 20 வாக்கில் இரண்டாவது கோட் முடிந்துவிடும். திருமணத்துக்கு முன் சுவர் இறுகுவதற்கு இரண்டு வாரமாவது கிடைக்கும். தொட்டால் ஒட்டாத பெயிண்டும் முழுதாக இறுகச் சில வாரம் ஆகும் என்பதால், பந்தல் போட வருபவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: சீரியல் விளக்குச் சரங்களைச் சுவரில் டேப் போட்டு ஒட்ட வேண்டாம், கயிற்றை ஜன்னல் கம்பியிலோ பந்தல் காலிலோ கட்டட்டும். டேப்பைப் பிய்க்கும்போது புதுப் பெயிண்டும் பட்டையாக அதோடு வந்துவிடும்.