பொறியியல் சிமுலேஷன் நிரல் எழுதுபவருக்குக் கணினி அறிவியல் தேவையா?

கணிதமும் இயற்பியலும் தெரிந்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். நிரல் எழுதப் போதும். அது தரும் விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்லத்தான் கணினி அறிவியல் வேண்டும்.

காகிதத்தில் 0.1 என்றால் பத்தில் ஒன்று. இரும எண்முறையில் அது முடிவில்லாமல் நீளும். கணினி ஓரிடத்தில் வெட்டித்தான் வைத்துக்கொள்ளும். 1991 வளைகுடாப் போரில் சவூதியின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிகளாக எண்ணி, 24 பிட்டில் (இரும இலக்கங்களில்) வெட்டிய 0.1-ஆல் பெருக்கியது. ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் விடுபட்டது விநாடியில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்குதான். ஆனால் 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியபோது அது 0.34 விநாடியாக வளர்ந்தது. அந்த நேரத்தில் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். பிப்ரவரி 25 அன்று ரேடார் தவறான இடத்தில் தேட, தடுக்கப்படாத ஏவுகணை விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள்தான் அங்கு வந்து சேர்ந்தது. இயற்பியல் சமன்பாடு எதுவும் அங்கே பொய்க்கவில்லை என்பதுதான் என்னை இன்றும் உலுக்குகிறது.

அடுத்தது வேகம். பத்து லட்சம் அளவீடுகளின் ஃபூரியே உருமாற்றத்தை (ஒரு சமிக்ஞையில் எந்தெந்த அதிர்வெண்கள் கலந்துள்ளன என்று பிரித்துக் காட்டும் கணக்கை) நேரடியாகக் கணக்கிட்டால் சுமார் ஒரு லட்சம் கோடி பெருக்கல்கள் ஆகும். ஜேம்ஸ் கூலி (Cooley), ஜான் டூக்கி (Tukey) இருவரும் 1965-இல் வெளியிட்ட வழிமுறையில் சில கோடிகளில் முடிந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்துப் புதுக் கணினி வாங்கினாலும் இந்த ஆதாயம் கிடைக்காது.

நினைவக அமைப்பையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஃபோர்ட்ரான் மொழி அணியை (matrix) நினைவகத்தில் நெடுவரிசையாக அடுக்கும், சி மொழி கிடைவரிசையாக. நிரலில் உள்ள சுழற்சிகளின் (loops) வரிசையை அதற்கேற்ப மாற்றினாலே பெரிய அணிகளில் நிரல் பல மடங்கு விரைவாக ஓடக்கூடும்.

இதற்காக முழுப் பட்டப்படிப்பும் வேண்டியதில்லை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் கோட்பாட்டை நீங்கள் தாராளமாகத் தள்ளி வைக்கலாம். பின்ன எண்களைக் கணினி குறிப்பிட்ட இலக்கங்களுக்குள் வைத்துக்கொள்ளும் முறையான மிதவைப் புள்ளி எண்களை (floating point) மட்டும் தள்ளி வைக்காதீர்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். இப்போது கையில் இருக்கும் நிரலையே ஒருமுறை ஒற்றைத் துல்லியத்திலும் (எண்ணுக்கு 32 பிட்) மறுமுறை இரட்டைத் துல்லியத்திலும் (64 பிட்) ஓட்டுங்கள். விடைகள் மூன்றாம் இலக்கத்திலேயே பிரிந்தால், கணக்கில் எங்கோ பிழை பெருகுகிறது. அந்த வரியைக் கண்டுபிடிக்கும் வரை விடையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.