மார்பிலும் முதுகிலும் வரும் பருக்கள் சோப்பை மாற்றியும் ஏன் போவதில்லை?

முகம் தெளிவாக இருக்கிறது, ஆனால் மார்பிலும் முதுகிலும் பரு ஓயவில்லை, எந்தச் சோப்பு போட்டாலும் பயனில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதாக எழுதியிருப்பதால், இருபதுகளில் இருக்கும் இளைஞர் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். அடுத்த சோப்பை வாங்குவதற்கு முன்னால், உங்கள் உடம்பில் இருப்பது ஒரே நோய்தானா என்று பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு இருந்தன. அதை ஒருவர் சரியாகப் பார்த்துச் சொல்வதற்குள் கல்லூரிக் காலமே முடிந்துவிட்டது.

நான் நாகர்கோவிலைச் சேர்ந்தவன். சுசீந்திரமானாலும் திருச்செந்தூரானாலும் ஆண்கள் சட்டையைக் கழற்றிய பிறகுதான் உள்ளே போக முடியும். என் தோள்பட்டையிலும் மேல்முதுகிலும் சிவந்த கட்டிகளும், ஆறிய இடங்களில் கரும்புள்ளிகளும் நிறைந்திருந்தன. வரிசையில் நிற்கும்போது பெரியப்பா ஒருமுறை, "என்னடே இது, அம்ம போட்டது மாதிரி கெடக்கு?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டார். அக்கறையில் கேட்டதுதான் என்றாலும், அதன்பின் கோயிலுக்குக் கிளம்பும்போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லி நான் வீட்டிலேயே தங்கிவிடுவேன்.

வீட்டில் எல்லாரும் சொன்ன காரணம் உடல் சூடு. உண்மையில், முகத்தைப் போலவே மார்பின் நடுப்பகுதியிலும் மேல்முதுகிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் அவற்றைத் தூண்ட, கூடுதலாகச் சுரக்கும் எண்ணெயும் இறந்த தோல் செல்களும் சேர்ந்து மயிர்க்கால்களை அடைக்கின்றன. அடைப்புக்குள் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகி, அந்த இடம் வீங்குகிறது. இது அழுக்கினால் வருவதல்ல. ஆகவே பீர்க்கங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால் புண் மிஞ்சுமே தவிர பரு போகாது. வியர்வையில் ஊறிய இறுக்கமான பனியனும், முதுகில் உரசும் பையும் இதை மோசமாக்கும். பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பொடி குடிக்கும் சிலருக்குப் பரு கூடுகிறது என்பதும், தசை வளர்ப்பதற்கான ஸ்டீராய்டு ஊசிகள் மார்பிலும் முதுகிலும் கடுமையான பருக்களைக் கிளப்பும் என்பதும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் மார்பில் இருந்தவை வேறு வகை. எல்லாம் கடுகளவில் ஒரே மாதிரியான பொரிகள். வியர்த்தால் தாங்க முடியாத அரிப்பு. மருந்துக்கடையில் காட்டியபோது, சட்டைக் காலரை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார்கள். சில நாட்களில் அரிப்பு அடங்கியது. நிறுத்தியதும் முன்னைவிடப் பரவியது. அதில் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்திருந்ததைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். எல்லா மருந்துக்கடைக்காரர்களையும் நான் சொல்லவில்லை. ஆனால் 2018-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டவணை எச்-இன் கீழ் கொண்டுவந்த பிறகும், ஊர்தோறும் அவை கேட்டவுடன் கிடைப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஸ்டீராய்டே ஒருவகைப் பருவை உண்டாக்கும் என்பதை வாங்குபவரிடம் யார் சொல்கிறார்கள்?

கடைசியில் தோல் மருத்துவர் ஒருவர், மார்பிலிருந்த ஒரு பொரியை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, மார்பில் இருப்பது மலசீசியா என்ற பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சி, முதுகில் இருப்பதுதான் பரு என்றார். பொடுகோடு தொடர்புடைய பூஞ்சை இனம்தான் இது. எண்ணெய்ப் பசையை உண்டு வாழ்வதால், வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்த நம் கடலோரத்தில் எளிதாகப் பெருகும். பருவென்று நினைத்து ஆன்டிபயாட்டிக் மாத்திரை விழுங்கினால் இது குறையாது; கூடவும் செய்யலாம். எண்ணெய்க் குளியலைக் குறை சொல்கிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அரிப்புள்ள இடத்தில் தேங்காய் எண்ணெயை ஊற வைக்காதீர்கள் என்று மட்டுமே சொல்கிறேன்.

மார்புக்குக் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தும், முதுகுக்கு பென்சாயில் பெராக்சைடு கழுவுதிரவமும், இரவில் அடாபலீன் களிம்பும் எழுதிக்கொடுத்தார். மார்பு விரைவில் தெளிந்தது. முதுகுக்குப் பொறுமை வேண்டும். பரு மருந்துகள் பலன் காட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரவத்தைப் பூசியவுடன் கழுவிவிடாமல் சில நிமிடங்கள் விட வேண்டும். இது துணியின் சாயத்தைப் போக்கிவிடும். என் நீலத் துண்டு முழுவதும் ஆரஞ்சுத் திட்டுகளானதால் வீட்டில் எனக்கென்று வெள்ளைத் துண்டு ஒதுக்கினார்கள். தலைக்குக் குளிக்கும் நாளில் முதலில் தலையை அலசிவிட்டுக் கடைசியில் முதுகைக் கழுவுங்கள். இல்லையென்றால் கண்டிஷனரின் பிசுக்கு முதுகிலேயே தங்கிவிடும். களிம்பு பூசக் கை எட்டாத இடத்துக்குத் தம்பிதான் உதவினான். அதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

நான் மருத்துவர் அல்ல. நான் எழுதியதைப் பார்த்து மருந்து வாங்காமல், தோல் மருத்துவரிடம் சட்டையைக் கழற்றி முழு முதுகையும் காட்டுங்கள். முன்பு பூசிய ட்யூப் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். கட்டிகள் ஆழமாகவும் வலியோடும் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது, ஏனென்றால் மார்பிலும் தோளிலும் ஆறும் பருக்கள் சிலருக்குத் தடித்த கீலாய்டுத் தழும்பாகிவிடும். அத்தகைய கட்டிகளுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எழுதலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். இதைப் படிக்கும் பெண்கள் கருவுற்றிருந்தாலோ கருவுற நினைத்தாலோ அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. அது சிசுவைக் கடுமையாகப் பாதிக்கும்.