மீட்டரும் மின்சாரமும்: வாசகர் கேள்வி

கேள்வி: வள்ளத்தில் 12 வோல்ட் பேட்டரி, 24 வாட் குண்டு பல்பு. பேட்டரியில் 12 வோல்ட் இருந்தும் பல்பு மங்குகிறது. பேட்டரியை மாற்றணுமா அண்ணே?
- பாம்பன் வாசகர்

பதில்: காசை வீணாக்காதீங்க, தம்பி. பல்பை எரியவிட்டு அதன் இரு முனையிலும் மீட்டரை வைங்க. 9 வோல்ட் காட்டுதுன்னு வைப்போம். பல்பு எரியும்போதும் பேட்டரியில் 12 வோல்ட் இருந்தா, மிச்ச 3 வோல்ட்டை வழியில ஏதோ ஒரு கோளாறான இணைப்பு தின்னுது.

வாட்டை வோல்ட்டால் வகுத்தா மின்னோட்டம்: 24ஐ 12ஆல் வகுத்தா 2 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தா தடை: 12ஐ 2ஆல் வகுத்தா, பல்பின் தடை 6 ஓம். (சூட்டுக்கேத்தபடி மாறும், கணக்குக்கு இது போதும்.) 9 வோல்ட்டில் 1.5 ஆம்பியர்தான் ஓடும். அதே மின்னோட்டம்தான் அந்தக் கோளாறான இணைப்பிலும் ஓடுது: 3ஐ 1.5ஆல் வகுங்க, 2 ஓம். பல்புக்கு 13.5 வாட்தான் கிடைக்குது, இணைப்பில் 4.5 வாட் சூடாப் போகுது.

நம்ம உப்புக்காத்துல செம்பு பச்சையாப் பூத்திருக்கும். கம்பியைக் கழற்றி, உப்புத்தாளால் பளிச்சுன்னு தேய்ச்சு, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்க.