லாகோஸ் வேலை: டீசல் செலவை முதலிலேயே பேசிவிடுங்கள்

வணக்கம் நண்பரே. நைஜீரியாவின் லாகோஸில் வேலை, வீடும் தருகிறார்கள், ஆனால் ஜெனரேட்டர் டீசல் உங்கள் செலவு என்கிறார்கள். எண்ணெய் விளையும் நாட்டில் இது என்ன கொடுமை என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி.

கச்சா எண்ணெயை அப்படியே வண்டியில் ஊற்ற முடியாது. நைஜீரிய அரசின் போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடுனா சுத்திகரிப்பு ஆலைகள் சரியான பராமரிப்பில்லாமல் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. கச்சாவை விற்று பெட்ரோலை வாங்கினார்கள். பெட்ரோலுக்கு அரசு மானியம் இருந்தவரை இறக்குமதியில் பலருக்குக் கொள்ளை லாபம். ஆலையைச் சரிசெய்ய யாருக்கு அவசரம்? 2023 மே மாதம் மானியம் நின்றது. 2024இல் நைஜீரியத் தொழிலதிபர் டாங்கோட்டேயின் தனியார் ஆலை பெட்ரோல் தரத் தொடங்கியபின் இறக்குமதி குறைந்து வருகிறது.

மின்சாரம் வேறு கதை. பெரும்பகுதி எரிவாயுவில்தான் உற்பத்தியாகிறது. விநியோக நிறுவனங்கள் கட்டணத்தை முழுதாக வசூலிப்பதில்லை; அதனால் மின் நிலையத்துக்குப் பாக்கி, மின் நிலையம் எரிவாயுக்காரருக்குப் பாக்கி; எரிவாயு போதாமல் உற்பத்தி குறைகிறது. 20 கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் நாட்டுக்கு கிரிட் (நாட்டின் பொது மின் கட்டமைப்பு) தருவது சுமார் 4,000, 5,000 மெகாவாட்தான். கரண்ட் வந்ததும் தெருவில் பிள்ளைகள் 'அப் நேப்பா!' என்று பழைய மின்வாரியத்தின் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள்.

சரி, நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: வீடு 'பேண்ட் ஏ' வகை ஃபீடரில், அதாவது அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் லைனில், இருக்கிறதா? அதற்குத் தினமும் குறைந்தது 20 மணி நேரம் மின்சாரம் தர வேண்டும் என்பது விதி, கட்டணம் அதிகம். இல்லையென்றால், டீசல் செலவை நிறுவனமே ஏற்கும் என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.